தாலின் தெருவில் பொடி உதிர்ந்தபோது

2006 மார்ச் மாதம். எஸ்தோனியா என்ற சின்ன நாட்டின் தலைநகரமான தாலினில், பனிக்காலம் முடியும் தறுவாயில் நடந்தது இது. மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் கணவருக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சில மாதங்களுக்கு அவரை அங்கே அனுப்பினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அவ்வளவுதான் சம்பந்தம் என்று அப்போது நானும் நினைத்தேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. படித்திருக்கிறேன். ஆனாலும் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகு, சரியாகத்தான் பார்த்தேனா என்று யோசிப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று இன்னொன்று வாங்கி வரச் சொல்வேன்.

இந்தப் பயம் 2004 டிசம்பரில் இரட்டிப்பானது. மகளுக்கு அப்போது ஆறு மாதம். அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கலாம் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கடல் ரொம்ப தூரம் உள்வாங்கிக் கிடந்தது. எல்லோரும் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏய், பச்சப் பொடவ! இன்னாத்த பாத்துனு நிக்கிற? புள்ளயத் தூக்கினு ஓடு!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன். பிழைத்தோம். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. பிறகு விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டினால் நான் மகளின் கையை விட்டதே கிடையாது. கடலை நேராகப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு பனி நாட்டில் இறக்கினால் எப்படி இருக்கும்? முதல் வாரத்திலேயே வம்பு. பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு வெளியே, மூக்கு விறைக்கிற குளிரில், தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் யாருமில்லை. பதறிப்போய் வீட்டுக்கு ஓடி வந்து, "ஏங்க, யாரோ புள்ளைய ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டாங்க! போலீசுக்குச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஊரில் அதுதான் வழக்கமாம். சில்லென்ற காற்றில் பிள்ளைகள் நன்றாகத் தூங்கும் என்று வெளியே படுக்க வைத்துவிட்டு, அம்மாக்கள் உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார்களாம். சிரித்து முடித்தபின் முகம் மாறி, "தயவு செஞ்சு யார் புள்ளயயும் தொட்டுடாத. நம்ம மூஞ்சியப் பாத்து புள்ள புடிக்கிறவங்கன்னு நெனச்சிக்குவாங்க. போலீஸ் வந்துச்சுன்னா என் வேலையும் போயிடும், நம்மளயும் பிளேன் ஏத்தி அனுப்பிடுவாங்க" என்றார். நான் கடமை தவறாதவள். தலையாட்டினேன். அன்றிலிருந்து வெளியே நிற்கும் தள்ளுவண்டிகளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ரொட்டி வாங்கப் போன கடையில், காசு கொடுத்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்து "ஆத்தா" என்றார். நான் திடுக்கிட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து, "அந்தாளு என்னை ஆத்தாங்கறாருங்க. அவருக்கே ஐம்பது வயசு இருக்கும்" என்றேன். என் கணவர் விசாரித்து வந்து சொன்னார். அவர்கள் மொழியில் நன்றிக்கு "ஐத்தா" என்பார்களாம். அதற்குப் பிறகு அவர் என்னைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால், காபி டம்ளரை வாங்கும்போது "ரொம்ப ஆத்தா" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊருக்கு வந்து மாதக்கணக்கில் ஆகியும், பக்கத்துத் தெருக் கடைகளைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை. ஒருநாள் காலை அவர், "இன்னைக்கு பழைய டவுனுக்கு நீயே பாப்பாவக் கூட்டினு போயேன். ஒரே பஸ். மதியம் சாப்பாட்டு நேரத்துல நானும் அங்க வந்துடறேன்" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் அதற்குள் காலணியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். சரி என்றேன்.

கிளம்பும்போது கைப்பையைப் பலமுறை சரிபார்த்தேன். மாற்றுத் துணி, பால் புட்டி, காய்ச்சல் மருந்து, ஒரு சின்னத் துணி முடிச்சில் எங்கள் ஊர்க் கல் உப்பு. அந்த முடிச்சு அம்மாவின் உத்தரவு. "புள்ளயத் தூக்கினு வெளிய போனா உப்பு கைல இருக்கணும். எவ கண்ணு எப்படி இருக்குமோ" என்று ஊரிலிருந்தே கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பழைய டவுன் என்றால் நம் ஊர்ப் பழைய பஸ் ஸ்டாண்டு போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். நுழைவாயிலிலேயே வாயடைத்துப் போனேன். இரண்டு பக்கமும் உருண்டையான கல் கோபுரங்கள். ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்து வைத்தது போல அவற்றின் தலையில் சிவப்புக் கூரை. உள்ளே போனால் தெருவெல்லாம் உருண்டைக் கற்கள். மகளின் தள்ளுவண்டி தடதடவென்று ஆட, அவள் "ஆஆஆ" என்று குரலை நடுங்கவிட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் காலத்து உடை போட்ட ஒரு பெண் பாதாமில் பட்டையும் சர்க்கரையும் போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கே பாதி பயம் போய்விட்டது.

அங்கே பல வீடுகளின் உச்சியில் ஒரு மரக்கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி என் கணவர் முன்பே சொல்லியிருந்தார். பல நூறு வருடங்களுக்கு முன்னால் கப்பலில் வந்த மூட்டைகளைக் கயிறு கட்டி மேல் மாடிக்கு இழுத்த கட்டையாம் அது. மூட்டையில் முக்கியமாக என்ன இருந்தது தெரியுமா? உப்பு! அந்த ஊரில் உப்பு விளையாது. எங்கிருந்தோ வந்த உப்பை வாங்கி விற்றே பணக்கார ஊராகிவிட்டது. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஊரின்மேல் ஒரு பாசம் வந்திருந்தது. எங்கள் ஊர் உப்பை விளைவித்து என்ன பணக்கார ஊர் ஆனது என்ற வயிற்றெரிச்சலும் கொஞ்சம் உண்டு.

பெரிய தெருவிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினேன். இரண்டு கையை நீட்டினால் இருபக்கச் சுவரும் எட்டிவிடுமோ என்கிற மாதிரிச் சந்து. ஒருபக்கம் ஒரு காபிக் கடை. எதிர்ப்பக்கம் ஒரு வீட்டின் வளைவான கல் வாசல். அந்த வளைவுக்குள் வண்டியை நிறுத்திவிட்டு, எதிர்க் கூரையில் தொங்கிய பனிக்கட்டி ஊசிகளை மகளுக்குக் காட்டினேன். கூரை ரொம்பச் செங்குத்து. மேலே குளிர்காலம் முழுதும் பெய்த பனி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. வெயில் அடித்ததால் ஊசி நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்தக் கூரைக்கு நேர் கீழே, காபிக் கடை ஜன்னலை ஒட்டி, ஒரு தள்ளுவண்டி நின்றது.

வழக்கம்போலத் தலையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. "சர்ர்" என்று, முறத்திலிருந்து ரவை சரிவதுபோல. நிமிர்ந்து பார்த்தேன். காற்றே இல்லை. ஆனால் கூரை ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து பனிப் பொடி மெல்லிய இழையாக உதிர்ந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி உதிர்ந்தது. தள்ளுவண்டியின் மூடிமேல் வெள்ளையாகப் படிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் முள் குத்தியது. காரணம் இதுதான். என் அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர்கள். லீவு நாளில் நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். வாரிய உப்பை அங்கே மலைபோலக் குவித்து, மழை நனைக்காமல் ஓலை போட்டு மூடுவார்கள். மழை ஓங்கிப் பெய்தால் ஓலையையும் மீறித் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே பார்த்தால் குவியல் பாறைபோல இறுகி நிற்கும். உள்ளே அடியைத் தண்ணீர் அரித்திருக்கும். அது சரிவதற்கு முன்னால் ஓரத்திலிருந்து இப்படித்தான் சர்ரென்று பொடி உதிரும். உடனே அம்மா கத்துவார்கள், "பொடி உதிருது! எட்டப் போங்கடி!" ஒருமுறை நான் வைத்த தூக்குவாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மறுநிமிடம் தூக்குவாளி இருந்த இடத்தில் உப்புதான் இருந்தது.

ஆனால் இது உப்பா? பனி. பனியும் அப்படித்தான் சரியுமா? எனக்கு என்ன தெரியும்? இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? ஆபத்து என்றால் ஒரு பலகையாவது வைத்திருக்க மாட்டார்களா? உள்ளே போய்ச் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? பனி சரிவதற்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை உண்டே, பரீட்சைக்கெல்லாம் படித்தேனே, அது ஏன் இப்போது வர மாட்டேன் என்கிறது? யார் பிள்ளையையும் தொடாதே என்று அவர் சொன்னாரே?

மறுபடி "சர்ர்". இந்த முறை இழை தடித்திருந்தது.

என் மகளின் வண்டிக்குப் பிரேக்கைப் போட்டேன். "அசையக் கூடாது, அம்மா இதோ வர்றேன்" என்றேன். அவளை விட்டு அகன்றேன். வீட்டுக்கு வெளியே அவளைத் தனியாக விட்டது அதுதான் முதல்முறை.

குறுக்கே பாய்ந்து அந்தத் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பிரேக் போட்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடினேன், தெரியவில்லை. தேடியது போதும் என்று முன் சக்கரத்தைத் தூக்கி, பின் சக்கரம் ஐஸில் கிறீச்சிட, தரதரவென்று இழுத்தேன்.

காபிக் கடைக் கதவு படாரென்று திறந்தது. கோட்டுகூடப் போடாமல் ஒரு பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் பார்த்தது என்ன? நீலக் கோட்டு போட்ட யாரோ ஒரு அந்நியப் பெண் அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறாள். அலறியபடி வண்டியின் மறுபக்கத்தைப் பற்றி, சுவர்ப் பக்கமாக, அந்தக் கூரைக்கு அடியிலேயே திரும்ப இழுத்தாள்.

எனக்கு இருந்த கொஞ்ச ஆங்கிலமும் போய்விட்டது. "மேல பாரும்மா! மேல! பொடி உதிருது!" என்று தமிழில் கத்தினேன். அவள் அவள் மொழியில் கத்தினாள். அவள் இழுக்க, நான் இழுக்க, வண்டி நடுத்தெருவில் ஆடியது. வாட்டசாட்டமான உடம்பு அவளுக்கு. ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது.

அப்போது எங்கிருந்தோ எனக்கு ஒரு புத்தி வந்தது. நானாக இருந்தால் என்ன செய்வேன்? என் உயிரே போனாலும் வண்டியை விட மாட்டேன். இவளும் விட மாட்டாள். அப்படியானால் எதற்கு வண்டியை இழுக்க வேண்டும்? கைப்பிடியை விட்டேன். அவள் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து, என் பலம் முழுவதையும் சேர்த்துப் பின்பக்கமாகச் சாய்ந்தேன். அவள் தடுமாறி என்மேல் வந்து விழுந்தாள். அவள் பிடியிலேயே வண்டியும் வந்தது. நாங்கள் இருவரும் எதிர்வாசல் வளைவுக்குள், என் மகளின் காலடியில் போய் விழ, வண்டி எங்கள்மேல் இடித்து நின்றது.

அடுத்த நொடி கூரைப் பனி மொத்தமும் இறங்கியது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெருமுக்கல் மலையில் லாரியில் ஜல்லி கொட்டினால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். சந்து முழுக்க வெள்ளைப் புகை. அடங்கியபின் பார்த்தால், தள்ளுவண்டி நின்ற இடத்தில் இடுப்பு உயரத்துக்குப் பனி. நடுவில், மீன் ஏலம் விடும் இடத்தில் இறக்குவார்களே, அந்த மாதிரி ஐஸ் பார்கள். ஜன்னலுக்குக் கீழே இருந்த பெரிய மண் தொட்டி சுக்குச் சுக்காகக் கிடந்தது.

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வண்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே அந்த ராஜா இவ்வளவு அமர்க்களத்திலும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னாள். அது "ஐத்தா" என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அன்று என் காதில் அது "ஆத்தா, ஆத்தா" என்றுதான் விழுந்தது. நானும் அழுதேன். என் மகள் மட்டும் கைதட்டி, "இன்னொரு தபா!" என்றாள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சுவரோரம் கீழே கிடந்த ஒரு கட்டையை ஒருவர் எடுத்துக் காட்டினார். கூரையில் பனி இருந்தால் நடப்பவர்களை எச்சரிக்க அதைச் சுவரில் சாய்த்து வைப்பார்களாம். அது எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அம்மா நினைவு வந்தது. துணி முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜாடை காட்டி அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கி, உப்பைக் கையில் மூடி இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சுற்றினேன். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, எல்லாக் கண்ணும் போவட்டும்." எல்லோரும் சர்ச்சில் நிற்பதுபோல அமைதியாக நின்றார்கள். சுற்றிய உப்பை அடுப்பிலோ தண்ணீரிலோ போட வேண்டும். அங்கே அடுப்புக்கு எங்கே போவது? காபிக் கடைப் படியில் உறைந்திருந்த ஐஸில் போட்டேன். அது படபடவென்று வெடித்து இளகியது.

கூட்டத்தோடு நின்ற காபிக் கடைக்கார அம்மாள் "ஓ!" என்று ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டினார். உள்ளே போய் ஒரு வாளி உப்பைக் கொண்டுவந்து, நான் போட்ட இடத்தைச் சுற்றிலும் மும்முரமாகத் தூவினார். அங்கே யாரும் வழுக்கி விழாமலிருக்கப் படியில் உப்புப் போடுவது வழக்கம். இவ்வளவுக்குப் பிறகும் படியைப் பற்றிக் கவலைப்படுகிற நல்ல பெண் என்று என்னை நினைத்திருப்பார்.

அப்போது பார்த்து என் கணவர் வந்து சேர்ந்தார். கூட்டம், நடுவில் நான், பக்கத்தில் அழுத முகத்தோடு வெள்ளைக்காரப் பெண், அவள் பிள்ளை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ, யார் புள்ளயயாவது தூக்கிட்டியா?"

"தூக்கலீங்க. இழுத்தேன்" என்றேன்.

கடைக்கார அம்மாள் அவரிடம் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே கூரையைப் பார்த்தார், பனிக் குவியலைப் பார்த்தார், உடைந்த தொட்டியைப் பார்த்தார். கேலிக்கு என்றுமே குறையில்லாத மனிதர், மகளின் வண்டியைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். கடைசியில், "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"பொடி உதிர்ந்துச்சு" என்றேன். மரக்காணத்து மருமகனுக்கு அது போதுமானதாக இருந்தது.

கடையில் எங்களை உட்கார வைத்து, சூடான சாக்லேட் பாலும் பட்டை போட்ட பன்னும் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். பேச மொழியில்லை. அவள் பிள்ளை விழித்ததும் என் மடியில் வைத்தாள். நல்ல கனம்.

அன்று மிச்சமிருந்த பொழுதில் பழைய டவுனில் முன்னால் நடந்தது நான்தான். அவர் தள்ளுவண்டியோடு பின்னால் வந்தார். மேட்டுப் பகுதியில் கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு இடம் உண்டு, அங்கிருந்து பார்த்தால் ஊரே தெரியும், கடலும் தெரியும். அவர் முன்பு கூப்பிட்டபோதெல்லாம் நான் போகாத இடம். அன்று நானாகவே ஏறினேன். சிவப்புக் கூரைகளுக்கும் கோபுரங்களுக்கும் அப்பால் கடல் கரையோரமாக உறைந்து, வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாகக் கிடந்தது. அப்படியே எங்கள் உப்பளம். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கடலைப் பார்க்காத நான், மகளைத் தூக்கிப் பிடித்து, "பாரு, அதான் கடல்" என்று காட்டினேன்.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அம்மா சாவகாசமாக, "பொடி உதிர்ந்தா எட்டப் போவத்தானே சொன்னேன்? உன்ன யாரு உள்ள பூந்து இழுக்கச் சொன்னது?" என்றார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் மறுநாள் உப்பளம் பூராவும், "எம்பொண்ணு பனி மலயயே நிறுத்திப்புட்டா" என்று சொல்லித் தீர்த்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

இப்போது ஊர் திரும்பிவிட்டோம். நான் மாறிவிட்டேனா என்றால், இல்லை. இன்றும் கேஸைப் பார்க்கத் திரும்பி வருகிறேன். வீட்டில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் எனக்கு முன்போல வெட்கமாக இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் என்றாவது இந்தக் கதையைச் சொன்னால் என்னை 'நீலக் கோட்டுக்காரி' என்றுதான் சொல்வார்கள். அப்படி நினைக்கும்போதெல்லாம், 'ஏய், பச்சப் பொடவ!' என்று என்னைக் கத்தி விரட்டிய அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு, நன்றி சொல்ல முடியவில்லையே என்று இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருக்கிறது.